நான்கு வரிச் செய்தியும் ஒன்பது ஆண்டு ஆட்சியும்

1998 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் பாங்கொக் நகரில் பதின்மூன்றாவது ஆசிய விளையாட்டு விழா நடைபெற்றுக்கொண்டிருந்தது. அப்போது நான் கொழும்பில் ஒரு தமிழ்த் தினசரியின் ஆசிரியபீடத்தில் இரவுநேரப் பணிபுரிந்த இளம் உதவி ஆசிரியர்களில் ஒருவன். இலங்கைக்கு அது மறக்கமுடியாத விழா. பெண்களுக்கான 200 மீற்றர், 400 மீற்றர் ஆகிய இரு ஓட்டப் போட்டிகளிலும் தமயந்தி தர்ஷா தங்கப்பதக்கம் வென்றார். ஆண்களுக்கான 400 மீற்றரில் சுகத் திலகரத்ன தங்கம் வென்றார். போர்ச் செய்திகளால் நிரம்பி வழிந்த எமது பக்கங்களில் விளையாட்டுச் செய்திக்கு முதற்பக்கத்தில் இடம் கிடைத்த அபூர்வமான நாட்கள் அவை.

அந்த நாட்களில் ஓரிரவு வெளிநாட்டுச் செய்தி நிறுவனமொன்று அனுப்பிய குறிப்பொன்றை நான்கு வரிகளில் தமிழாக்கினேன். ஆசிய விளையாட்டு விழாவில் முதன்முறையாகச் சேர்க்கப்பட்ட ஸ்குவாஷ் போட்டியில் மலேசியாவைச் சேர்ந்த 15 வயதுச் சிறுமி ஒருவர் தங்கம் வென்றிருந்தார். பெயர் நிக்கோல் டேவிட். பக்கத்தை வடிவமைத்துக்கொண்டிருந்த மூத்த சகா ஒருவர் பிரதியை எட்டிப் பார்த்துவிட்டு, "டேவிட் எண்டால் எங்கட ஆக்களோ?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "அப்ப எடுத்துப்போட்டு விடும். இந்த ஸ்குவாஷை ஆர் பார்க்கிறது? விளம்பரத்துக்கு இடம் காணாது" என்றார். நானும் மறுபேச்சின்றி எடுத்துவிட்டேன். அந்த நான்கு வரிகளைப் பற்றி அன்றிரவு வீடு திரும்பும்போது நான் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை.

பின்னர் பல ஆண்டுகளாக அந்தப் பெயர் என் மேசைக்குத் திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு தடவையும் அந்தச் செய்தி சற்றுப் பெரிதாக இருந்தது. ஒரு வீராங்கனையின் வரலாற்றை இன்று எழுத முனைவதற்கு அந்தக் கடனும் ஒரு காரணம்.

ஸ்குவாஷ் என்ற இந்த ஆட்டத்தின் பூர்வீகம் விசித்திரமானது. கடனைத் திருப்பிச் செலுத்த வழியின்றி இலண்டன் சிறைகளில் அடைக்கப்பட்டிருந்த கனவான்கள் பொழுதுபோக்குவதற்காகச் சிறைச் சுவரில் பந்தடித்தனர். 'ரக்கெட்ஸ்' எனப்பட்ட அந்த ஆட்டம் பின்னர் பிரபுக்களின் பிள்ளைகள் கற்ற ஹரோ பாடசாலையைச் சென்றடைந்தது. அங்கு 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மாணவர்கள் மென்மையான இறப்பர்ப் பந்தைக்கொண்டு ஆடத் தொடங்கினர். அடிபட்டவுடன் நசுங்கும் பந்து என்பதாலேயே அந்தப் பெயர். கடனாளிகளின் சிறையில் கருக்கொண்டு சீமான்களின் பாடசாலையில் பிறந்த ஆட்டம் என்று இதைச் சொல்லலாம்.

பிரித்தானிய இராணுவ அதிகாரிகள் தாம் சென்ற குடியேற்ற நாடுகளுக்கெல்லாம் இந்த ஆட்டத்தையும் கொண்டுசென்றனர். ஆனால் எஜமானர்களின் ஆட்டத்தை அவர்களுக்குப் பந்து பொறுக்கிக் கொடுத்தவர்கள் கற்றுக்கொண்டனர். பெஷாவருக்கு அண்மையிலுள்ள சிற்றூரொன்றில் பிறந்து அதிகாரிகளின் கழகத்தில் வேலைபார்த்த ஹஷிம் கான், 1951 இல் பிரித்தானியப் பகிரங்கப் போட்டியை வென்றார். அதன் பின்னர் அரை நூற்றாண்டுக் காலம் 'கான்' என்ற பெயரே இந்த ஆட்டத்தின் மறுபெயராக விளங்கியது. ஜஹாங்கீர் கான் 1982 முதல் 1991 வரை தொடர்ச்சியாகப் பத்துத் தடவைகள் அந்தப் போட்டியை வென்றார்.

பெண்களின் கதை பலருக்குத் தெரியாது. பெண்களுக்கான பிரித்தானியப் போட்டி 1922 இலேயே ஆரம்பமாகிவிட்டது. ஆண்களுக்கான பகிரங்கப் போட்டி 1930 இலேயே தொடங்கியது. விளையாட்டு வரலாற்றில் பெண்கள் முந்திக்கொண்ட அரிய சந்தர்ப்பங்களில் இதுவும் ஒன்று. அவுஸ்திரேலியாவின் சிறு நகரமொன்றில் ஹொக்கி ஆடிக்கொண்டிருந்து, உடற்தகுதிக்காக ஸ்குவாஷ் மட்டையைக் கையிலெடுத்த ஹெதர் மக்கே, 1962 முதல் 1977 வரை தொடர்ந்து 16 தடவைகள் பிரித்தானியப் பட்டத்தை வென்றார். தமது ஆட்ட வாழ்க்கை முழுவதிலும் அவர் தோற்ற போட்டிகள் இரண்டே இரண்டு. எந்த விளையாட்டிலும் ஆணோ பெண்ணோ எவரும் இத்தகைய சாதனை புரிந்ததாக நான் அறியேன். ஆயினும் வீதியில் செல்லும் பத்துப் பேரை நிறுத்தி ஹெதர் மக்கே யார் என்று கேட்டால் ஒருவருக்காவது தெரியுமா என்பது சந்தேகமே. நிக்கோல் டேவிட் நுழைந்தது இத்தகைய ஓர் உலகத்தினுள்தான். திறமைக்கு எல்லையில்லை, புகழுக்கு மட்டும் எல்லையுண்டு என்ற உலகம் அது.

நிக்கோல் 1983 ஆகஸ்ட் 26 ஆம் திகதி பினாங்குத் தீவில் பிறந்தார். தந்தை இந்திய வம்சாவளியினர், பொறியியலாளர், இளமையில் தமது மாநிலத்திற்காக விளையாடியவர். தாய் சீன வம்சாவளியினர், ஆசிரியை. மூன்று சகோதரிகளில் இளையவரான நிக்கோல் அக்காமாரின் பின்னால் சென்று ஐந்து வயதில் மட்டையைப் பிடித்தார். 1999 இல் உலகக் கனிஷ்ட சம்பியனானார். 2001 இல் சொந்த ஊரான பினாங்கிலேயே அந்தப் பட்டத்தை மீண்டும் வென்றார். அதனை இருமுறை வென்ற முதற்பெண் அவரே.

இத்தகைய ஆரம்பத்தைக் கண்டவர்கள் அடுத்த ஆண்டே உலகப் பட்டத்தை எதிர்பார்த்தனர். நடந்தது வேறு. 2002 இல் பூசான் ஆசிய விளையாட்டு விழாவின் இறுதிப் போட்டியில் ஹொங்கொங்கின் ரெபெக்கா சியுவிடம் தோற்றார். 19 வயதில், தமது நாடு முழுவதும் தங்கத்தை எதிர்பார்த்திருந்த வேளையில் ஏற்பட்ட தோல்வி அது. மட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சில மாதங்கள் ஒதுங்கியிருந்தார். மேதைகளென்று கொண்டாடப்பட்ட எத்தனையோ சிறுவர் சிறுமியர் இந்த இடத்தில் காணாமற் போயிருக்கின்றனர். எமது நாட்டிலும் அத்தகையவர்களைப் பற்றி எழுதியிருக்கிறேன். பின்னர் அவர்களைத் தேடியும் அலைந்திருக்கிறேன்.

நிக்கோல் காணாமற் போகவில்லை. பினாங்கை விட்டு நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகருக்குப் புறப்பட்டார். அங்கு அவுஸ்திரேலிய முன்னாள் வீராங்கனை லிஸ் இர்விங் அவரது பயிற்சியாளரானார். இருவரது கூட்டணி பல ஆண்டுகள் நீடித்தது.

ஸ்குவாஷ் அரங்கு 9.75 மீற்றர் நீளமும் 6.4 மீற்றர் அகலமும் கொண்ட ஓர் அறை. தப்பியோட வழியில்லை. இரு ஆட்டக்காரரும் வலையின் இருபுறமும் நிற்பதில்லை; ஒரே தரையில் ஒருவர் மூச்சு மற்றவர் மேற்படும் தூரத்தில் நிற்கின்றனர். அரங்கின் நடுவில் கோடுகள் சந்திக்கும் இடத்தைக் கைப்பற்றி வைத்திருப்பவரே ஆட்டத்தை நடத்துபவர். ஐந்தடி உயரத்தைச் சற்றே தாண்டிய நிக்கோலின் பலம் முரட்டு அடியன்று. எதிராளி 'முடிந்துவிட்டது' என்று கருதிய பந்தை ஓடிச்சென்று எடுத்துத் திருப்பியனுப்புவதே அவரது பலம். ஒரு தடவையல்ல, எதிராளி பொறுமையிழக்கும் வரையில் அதைச் செய்தார். அடிக்க அடிக்கத் திரும்பிவரும் பந்தின் முன்னால் நம்பிக்கையைக் காப்பாற்றிக்கொள்வது கடினம்.

2005 இறுதியில் பிரித்தானியப் பகிரங்கப் பட்டத்தையும், ஹொங்கொங்கில் நடைபெற்ற உலகப் பகிரங்கப் பட்டத்தையும் அடுத்தடுத்து வென்றார். 2006 ஜனவரியில் தரவரிசையில் முதலிடத்தை அடைந்தார். பெண்கள் ஸ்குவாஷில் அந்த இடத்தை எட்டிய முதல் ஆசியர் அவரே. இடையில் சில மாதங்கள் அதை இழந்து 2006 ஆகஸ்ட்டில் மீளப்பெற்றபின், 2015 செப்டெம்பர் வரையில் எவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒன்பது ஆண்டுகள், நூற்றுக்கும் மேற்பட்ட மாதங்கள். அந்தக் காலத்தில் பிரித்தானியாவில் நான்கு பேர் பிரதமராக இருக்கவில்லை. மூவர் மாத்திரமே இருந்தார்கள் என்று வேடிக்கையாக எழுதலாம். எமது நாட்டிலோ ஒரு போர் உச்சம் கண்டு முடிந்து, ஆட்சியும் மாறிவிட்டது. அத்தனைக்கும் நடுவில் அந்தப் பெண் மாதந்தோறும் வெளியாகும் பட்டியலின் உச்சியில் அசையாதிருந்தார்.

உலகப் பட்டத்தை அவர் எட்டுத் தடவைகள் வென்றார்: 2005, 2006, 2008, 2009, 2010, 2011, 2012, 2014. பிரித்தானியப் பகிரங்கப் பட்டத்தை ஐந்து தடவைகள் வென்றார். சர்வதேசச் சுற்றில் அவர் வென்ற பட்டங்கள் மொத்தம் 81. 2008 இல் பெண்கள் சுற்றின் புள்ளிமுறையே மாற்றப்பட்டது. தாமே பந்தைப் போடும்போது மட்டும் புள்ளி பெறக்கூடிய பழைய ஒன்பது புள்ளி முறை போய், ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி வழங்கும் பதினொரு புள்ளி முறை வந்தது. சோர்ந்து போகாதவருக்குச் சாதகமான நீண்ட ஆட்டம் குறுகியது. நிக்கோல் அதற்கும் ஈடுகொடுத்தார்.

எட்டுப் பட்டங்களுள் கடைசிப் பட்டத்தின் கதையைத் தனியாகச் சொல்லவேண்டும். 2013 ஆம் ஆண்டுக்குரிய உலகச் சம்பியன் போட்டி பிற்போடப்பட்டு 2014 மார்ச்சில் பினாங்கில் நடைபெற்றது. சொந்த மண், சொந்த மக்கள். அரையிறுதியில் எகிப்தைச் சேர்ந்த 18 வயது நூர் எல் ஷெர்பினி அவரைத் தோற்கடித்தார். பட்டம் இங்கிலாந்தின் லோரா மசாரோவிடம் போனது. அதே ஆண்டு டிசம்பரில் அடுத்த போட்டி எகிப்தின் தலைநகர் கெய்ரோவில் நடைபெற்றது. இறுதிப் போட்டியில் எதிரே நின்றவர் அந்நாட்டு வீராங்கனை ரனீம் எல் வெலீலி. இரண்டு ஆட்டங்களை ரனீம் வென்று, நான்காவது ஆட்டத்திலும் 10-6 என முன்னணியில் நின்றார். உலகப் பட்டத்துக்கு அவருக்குத் தேவைப்பட்டது ஒரேயொரு புள்ளி. கிடைத்தவை நான்கு வாய்ப்புகள். நான்கையும் நிக்கோல் ஒவ்வொன்றாகத் தடுத்தார். ஆட்டத்தை 14-12 எனக் கைப்பற்றி, ஐந்தாவது ஆட்டத்தையும் வென்றார். தம் வீட்டில் இழந்ததை எதிராளியின் வீட்டில் மீட்டுக்கொண்ட இரவு அது.

வரலாறு எவருக்கும் நிரந்தரச் சலுகை வழங்குவதில்லை. தரவரிசையில் நிக்கோலை இறக்கியவர் அதே ரனீம்தான். 2017 இல் உலகப் பட்டத்தையும் வென்ற அவர், 2020 இல் முதலிடத்தில் இருக்கும்போதே ஓய்வுபெற்றார். 2015 இல் இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. முன்சுவரின் அடியிலுள்ள தகரப் பட்டையின் உயரம் பெண்கள் சுற்றில் 19 அங்குலத்திலிருந்து 17 அங்குலமாகக் குறைக்கப்பட்டது. இரண்டே அங்குலம். ஆனால் முன்சுவரோரம் தாழ்வாகப் பந்தைச் சாகடிக்கும் எகிப்தியரின் தாக்குதல் ஆட்டத்துக்கு அது கதவைத் திறந்தது; ஓடியோடி எடுப்பவருக்கு ஓடவேண்டிய தூரத்தைக் கூட்டியது. 32 வயதை எட்டிய நிக்கோலுக்கு அது சாதகமான மாற்றமன்று என்பது என் கருத்து. அவர் அதைக் குறைகூறித் திரியவில்லை. 2018 இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு விழாவில் தமது ஐந்தாவது தனிநபர் தங்கத்தை வென்றுவிட்டு, 2019 இல் ஓய்வுபெற்றார். பாங்கொக்கில் 15 வயதில் வென்ற முதலாவது தங்கத்துக்கும் இதற்கும் இடையில் இருபது ஆண்டுகள்.

இவ்வளவு இருந்தும் அவரிடம் ஓர் ஒலிம்பிக் பதக்கம் இல்லை. போட்டியிட்டுத் தோற்றதால் அல்ல, போட்டியே இல்லாததால்.

2005 இல் சிங்கப்பூரில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் குழு பேஸ்போலையும் சொஃப்ட்போலையும் நீக்கியது. அவ்விடத்துக்கு ஸ்குவாஷும் கராத்தேயும் முன்மொழியப்பட்டன. மூன்றில் இரண்டு பங்கு வாக்குக் கிடைக்கவில்லை. 2009 இல் கொப்பன்ஹேகனில் கோல்ஃபும் எழுவர் ரக்பியும் தெரிவாகின. 2013 இல் புவனஸ் அயர்ஸில் மல்யுத்தம் 49 வாக்குகளையும், பேஸ்போல்-சொஃப்ட்போல் 24 வாக்குகளையும், ஸ்குவாஷ் 22 வாக்குகளையும் பெற்றன. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர்தான் ஒலிம்பிக் பட்டியலிலிருந்து நீக்க முன்மொழியப்பட்ட மல்யுத்தமே, புதிதாக வர விரும்பிய ஸ்குவாஷைத் தோற்கடித்து உள்ளே வந்தது. அந்த முயற்சிகளின் முகமாக விளங்கியவர் நிக்கோல். ஓர் ஒலிம்பிக் தங்கத்துக்காகத் தமது உலகப் பட்டங்களனைத்தையும் மாற்றிக்கொள்ளத் தயார் என்று அவர் பகிரங்கமாகச் சொன்னதைச் செய்தியாக எழுதியபோது என் பேனா சற்று நின்றது. உலகில் எவரிடமும் இல்லாத ஒன்றை வைத்திருப்பவர், பலரிடம் இருக்கும் ஒன்றுக்காக அதைக் கொடுத்துவிடச் சம்மதிக்கிறார். உலகம் எதைப் பார்க்கிறதோ அதுவே பெறுமதி என்ற கசப்பான உண்மை அவருக்கு விளங்கியிருந்தது.

அந்தக் கசப்பில் எங்களைப் போன்ற பத்திரிகைக்காரருக்கும் பங்குண்டு. ஒலிம்பிக்கில் இல்லாததால் நாங்கள் எழுதவில்லை. நாங்கள் எழுதாததால் பார்ப்பவர் பெருகவில்லை. பார்ப்பவர் இல்லையென்று ஒலிம்பிக் குழு சொன்னது. பாம்பு தன் வாலைத் தானே விழுங்கிய கதை. பெண்களின் ஆட்டத்துக்கு இந்தச் சுழல் இரட்டிப்புக் கொடுமையானது. பரிசுத்தொகையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சமபங்கு என்ற நிலையை அமெரிக்கப் பகிரங்கப் போட்டி 2013 இல்தான் ஏற்படுத்தியது. நிக்கோல் அப்போது முதலிடத்தில் ஏழாண்டுகளைக் கடந்துவிட்டிருந்தார்.

இறுதியாக 2023 ஒக்டோபரில் மும்பையில் கூடிய ஒலிம்பிக் குழு 2028 லொஸ் ஏஞ்சல்ஸ் விழாவுக்கு ஸ்குவாஷைச் சேர்த்துக்கொண்டது. அதே கூட்டத்தில் கிரிக்கெட்டும் சேர்க்கப்பட்டது. மறுநாள் எமது பத்திரிகைகளின் தலைப்புகளில் கிரிக்கெட் இருந்தது. நிக்கோலுக்கு அப்போது வயது 40.

சகா அன்றிரவு கேட்ட கேள்விக்கு இப்போது என்னால் பதில் சொல்ல முடியும். இந்தியத் தந்தைக்கும் சீனத் தாய்க்கும் மலாய் நாட்டில் பிறந்த அந்தப் பெண் 'எங்கட ஆக்களோ' என்ற கேள்விக்கு எந்தப் பக்கமும் முழுமையாக ஆம் என்று சொல்ல முடியாதவர். இனத்துக்கொரு கட்சி என்ற அடிப்படையில் சுதந்திரத்துக்கு முன்பிருந்தே அரசியல் நடத்திவந்த நாடு மலேசியா. அங்கு அவர் வென்றபோது மலாயரும் சீனரும் இந்தியரும் எங்கள் பெண் என்றனர். விளையாட்டு இனப்பிரச்சினையைத் தீர்த்துவிடும் என்று நம்பும் வயதை நான் தாண்டிவிட்டேன். 1996 இல் உலகக் கிண்ணம் வென்றபோது இந்த நாட்டில் அப்படி நம்பியவர்கள் இருந்தார்கள்; போர் அதற்குப் பின்னரும் பதின்மூன்று ஆண்டுகள் நீடித்தது. ஆனால் ஒருவரைக் கொண்டாடுவதற்கு முன்னர் அவரது குலங்கோத்திரம் விசாரிக்கும் பழக்கம் எமது பக்கங்களையும் எமது மனங்களையும் எவ்வளவு சுருக்கிவிட்டது என்பதை அந்த நான்கு வரிகள் எனக்குக் கற்பித்தன.

நிக்கோலுக்குப் பின்னரும் கதை தொடர்கிறது. ஜகார்த்தா இறுதிப் போட்டியில் அவரிடம் தோற்றவர் அவரது நாட்டுக்காரரான சிவசங்கரி சுப்பிரமணியம். 2022 இல் நிகழ்ந்த வீதி விபத்தில் மண்டையோட்டிலும் முகத்திலும் எலும்பு முறிவுகளுக்கு உள்ளானார். மறு ஆண்டே ஹாங்சோவில் ஆசியத் தங்கத்தையும், 2024 இல் இலண்டனில் பெரும் பட்டமொன்றையும் வென்றார். லொஸ் ஏஞ்சல்ஸில் ஸ்குவாஷ் முதன்முதலாக ஒலிம்பிக் மேடையேறும்போது அவரைப் போன்றவர்கள் அங்கு நிற்கக்கூடும். நிக்கோலால் ஒருபோதும் நிற்க முடியாத மேடை அது.

2021 ஜனவரியில், ஒலிம்பிக்கில் இடம்பெறாத ஆட்டங்களுக்கான உலக விளையாட்டு விழாவின் வரலாற்றிலேயே தலைசிறந்தவர் யார் என்று இணைய வாக்கெடுப்பொன்று நடத்தப்பட்டது. அதில் நிக்கோல் முதலிடம் பெற்றார். வெளியே நிறுத்தப்பட்டவர்களுள் முதல்வர் என்ற அந்த மகுடத்தின் முரணை அவரும் உணர்ந்திருப்பார். அவர் இப்போது மலேசியாவில் சிறுவர் சிறுமியருக்கு ஸ்குவாஷும் ஆங்கிலமும் கற்பிக்கும் அமைப்பொன்றை நடத்திவருகிறார்.

1998 டிசம்பரில் நான் எடுத்துவிட்ட வரிகள் நான்கு. இன்று எழுதியிருப்பவை அதனிலும் பன்மடங்கு. ஆனால் ஒரு 15 வயதுச் சிறுமி வென்ற மறுநாள் காலை அச்சாகியிருக்க வேண்டிய நான்கு வரிகளுக்கு இவை ஈடாகமாட்டா. பத்திரிகைத் தொழிலில் தாமதமாக வரும் செய்திக்கு வரலாறு என்று பெயர்.